மேலிடத்துல கிடக்கு

இல்ல சார், அந்த நம்பர் தப்பில்ல. ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு விண்ணப்பமும் சரிதான். எல்லாம் நான் அமுக்கினதுதான். முதல்ல உட்காருங்க. இவ்வளவு தூரம் தலைமை ஆபீஸ்லேர்ந்து லேப்டாப்பைத் தூக்கிக்கிட்டு வந்திருக்கீங்க, நின்னுக்கிட்டே விசாரிச்சா நல்லாவா இருக்கு? டீ சொல்லியிருக்கேன். உங்க ரயில் ஆறு மணிக்குத்தானே, இப்ப மூணுதான் ஆகுது. நாலு மணிக்கு என் சம்சாரம் வருவா. அதுக்குள்ள உங்களுக்கு வேண்டியதெல்லாம் சொல்லி முடிச்சிடறேன்.

அவ எதுக்கா? மேலிடத்தைப் பார்க்கணுமாம். நேருக்கு நேர் நிக்க வெச்சு நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேக்கணுமாம். நாலு மாசமா சொல்லிக்கிட்டே இருந்தா, இன்னிக்குக் கிளம்பிட்டா.

ஆமா சார், மேலிடம் நான்தான். அதைக் கண்டுபிடிச்சுத்தானே நீங்களே வந்திருக்கீங்க. அவளுக்குத் தெரியாது. இந்த ஆபீஸ்ல அறுபத்தி மூணு பேரு, ஒருத்தருக்கும் தெரியாது. அதனாலதான் சார் எனக்கு மதியம் சாப்பாடு இறங்கல.

அந்த சிவப்பா, இன்னும் முடியாம நிக்கிற ஒண்ணா? அதுக்கு வரேன். முதல்லேர்ந்து சொன்னாத்தான் அது புரியும்.

என் வேலை அனுப்புகை. வர்ற தபாலுக்கு முத்திரை, போற தபாலுக்கு நம்பர். முப்பத்தொரு வருஷம். எடை மெஷின் செய்யற கம்பெனின்னு பேரு, நான் ஒரு மெஷினையும் தொட்டது கிடையாது. மேலேர்ந்து வர்றதைக் கீழே குடுப்பேன், கீழேர்ந்து வர்றதை மேலே குடுப்பேன். படிக்கட்டுன்னு வெச்சுக்கங்களேன். எல்லாரும் மிதிச்சு ஏறுவாங்க. நீ என்னப்பா நினைக்கிறேன்னு படிக்கட்டைப் பார்த்து யாராவது கேப்பாங்களா? அட, சோகமா சொல்லல சார். படிக்கட்டுக்கு என்ன சோகம், அது பாட்டுக்கு இருக்கும்.

அப்பத்தான் இந்த சாஃப்ட்வேர் வந்துச்சு. லீவு வேணும், ஃபேன் வேணும், ஷிஃப்ட் மாத்தணும், எதுவா இருந்தாலும் ஃபோன்ல ஒரு படிவம் நிரப்பினா போதும். அதுவே மேலதிகாரி யாருன்னு தேடிப் பிடிச்சு அவருக்கு மெயில் அனுப்பும். மெயில்ல ரெண்டு பட்டன். பச்சைன்னா சம்மதம், சிவப்புன்னா மறுப்பு. அவர் அமுக்கினதும் கேட்டவனுக்குத் தகவல் போயிடும். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அனுப்புகை கிளார்க்கும் கிடையாதுன்னு நான் புரிஞ்சுக்கிட்டேன். ஆனா பாருங்க, அதை இங்க அமைச்சுக் குடுக்க வந்த அம்மாவுக்கு உதவிக்கு யாரைப் போட்டாங்கங்கறீங்க? என்னையே. யாரு சும்மா இருக்கான்னு பார்த்திருப்பாங்க.

அந்த அம்மா கெட்டிக்காரங்க. ரெண்டு நாள்ல எல்லாம் சொல்லிக்குடுத்தாங்க. வேரியபிள்னா விவரம் போட்டு வைக்கிற பெட்டி, எக்ஸ்பிரஷன்னா அதுலேர்ந்து எடுக்கிற சூத்திரம்னாங்க. நான் ரெண்டையும் ரிஜிஸ்டர் ஓரத்துல எழுதி வெச்சுக்கிட்டேன். அப்புறம் பார்த்தா, அட, நம்ம பழைய அச்சடிச்ச கடுதாசிதான். நடுவுல கோடு போட்டு விட்டிருப்பாங்களே, பேரு ஒரு கோடு, தேதி ஒரு கோடு, நான் உட்கார்ந்து பேனாவால நிரப்புவேன். இங்க கோட்டுக்குப் பதிலா வளைஞ்ச அடைப்புக்குறி. இந்தப் பக்கம் ரெண்டு, அந்தப் பக்கம் ரெண்டு, நடுவுல பெட்டியோட பேரு. கடுதாசி கிளம்பற நேரத்துல பெட்டிக்குள்ள என்ன இருக்கோ அது வந்து விழும். முப்பத்தொரு வருஷமா நான் செஞ்ச வேலையை அது அரை நொடியில செய்யுது. கொஞ்சம் வலிச்சுது. ஆனா புரிஞ்சுது.

இல்ல, முதல் வாரம் கோளாறு ஆகாம இல்ல. பேரு வர்ற இடத்துல பெட்டிக்கு ஒரு பேரு வெச்சுட்டு, கடுதாசியில வேற பேரை எழுதிட்டோம். விழல. ஆளு பேருக்குப் பதிலா அடைப்புக்குறி அப்படியே போயிடுச்சு. ஸ்டோர்காரர் ஃபோனைத் தூக்கிக்கிட்டு ஓடி வந்தார். நான் என்ன தப்பு பண்ணினேன், என் பேரைக் கூண்டுல அடைச்சு அனுப்பியிருக்காங்களேன்னாரு. உங்க பேரு கூண்டுல இல்லண்ணே, கூண்டு காலியாத்தான் இருக்குன்னேன். அதுக்கு இன்னும் பயந்துட்டாரு.

சிரிங்க சார், சிரிங்க. மனசு லேசாகும். வரப்போறது லேசா இருக்காது.

ரெண்டாம் நாள் சாயங்காலம் அந்த அம்மா கேட்டாங்க, மேலதிகாரி பெட்டி காலியா இருந்தா என்ன பண்றதுன்னு. அதெப்படிம்மா காலியா இருக்கும், மேலதிகாரி இல்லாத மனுஷன் உண்டான்னேன். இல்ல, எதையாவது போட்டு வைக்கணும், இல்லேன்னா ஓடாம நின்னுடும்னாங்க. எக்ஸ்பிரஷன்ல ரெண்டு கேள்விக்குறி போட்டாங்க. முன்னால மேலதிகாரி பெட்டி. அது காலின்னா ரெண்டு கேள்விக்குறிக்குப் பின்னால இருக்கிற விலாசம். சோதனைக்குத்தானே, உங்க மெயிலையே போடுங்க, அப்புறம் மாத்திக்கலாம்னாங்க. போட்டேன். பதவின்னு இன்னொரு பெட்டி. அதுக்கும் ஏதாவது எழுதுங்கன்னாங்க. நான் என்னத்தைக் கண்டேன். முப்பத்தொரு வருஷமா என் ரிஜிஸ்டர்ல எழுதி எழுதி ஊறிப்போன ஒரே வார்த்தை. மேலிடம்னு அடிச்சேன். அவங்களும் சரின்னு தலையாட்டினாங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு கிளம்பிட்டாங்க.

அப்புறம் மாத்திக்கலாம். உலகத்துல எதெதெல்லாம் இந்த ஒரு வார்த்தையில ஓடிக்கிட்டிருக்கோ, யாரு கண்டா?

மூணு மாசம் ஒண்ணுமில்ல. எல்லாருக்கும் மேல ஆள் இருந்தாங்க. அப்புறம் நீங்க தலைமை ஆபீஸ்ல பிரிவு மேலாளர்ங்கற பதவியையே தூக்கினீங்க. நம்ம கிளை மேலாளரும் மாத்தலாகிப் போனாரு, பதிலுக்கு ஆள் வரல. ஒரு புதன்கிழமை புதுப் பட்டியல் ஒண்ணு அங்கேர்ந்து இறங்கிச்சு. மேலதிகாரிங்கற கட்டம் அறுபத்தி மூணு பேருக்கும் துடைச்சு விட்ட மாதிரி காலி. அதை யாரு அனுப்பினாங்களோ.

நீங்களா?

சரி விடுங்க. நான் அதைப் பெரிசு பண்ணல. ஆனைக்கும் அடி சறுக்கறதில்லையா? டீ வந்துடுச்சு, எடுத்துக்கங்க.

மறுநாள் காலைல எனக்கு ஒரு மெயில். ஸ்டோர்ல காத்து இல்ல, சுவத்துல ஒரு ஜன்னல் திறக்க அனுமதி வேணும். கீழ ரெண்டு பட்டன். தப்பா வந்திருக்குன்னு நினைச்சேன். யாருக்கு அனுப்பி வைக்கறதுன்னு விலாசத்தைத் தேடினேன். தேடினா மேல என் பேரு. உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறதுன்னு எழுதியிருக்கு. என் முடிவு சார்! வீட்டுல என்ன குழம்புன்னு முடிவு பண்றதுகூட நான் இல்ல. எந்திரிச்சுப் போய் கையைக் கழுவிட்டு வந்தேன். ஏன் கழுவினேன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. வந்து உட்கார்ந்து, ஸ்டோர்காரர் பதினோரு வருஷமா வேர்த்து வழியறதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பார்த்துட்டு, பச்சையை அமுக்கினேன்.

அடுத்த நொடி கீழேர்ந்து ஒரு கூப்பாடு. மேலிடத்துல சம்மதிச்சுட்டாங்கப்பா! படி ஏறி மூச்சு வாங்க எங்கிட்டதான் வந்து காட்டினார். பாரு, உங்கள் வேண்டுகோள் மேலிடத்தால் ஏற்கப்பட்டதுன்னு போட்டிருக்கு, நீ எத்தனை தடவை என் கடுதாசியை வாங்கிக்கிட்டுப் போய் எங்க போட்டியோ, இப்ப நேரா போச்சு, நடந்துச்சு பாருன்னு என்னையே திட்டினார். நானும் ஆமாண்ணே, நடுவுல ஆளுங்க இருந்தாலே இப்படித்தான்னேன்.

சொல்லியிருக்கணும். ஒத்துக்கறேன். அன்னிக்கே எந்திரிச்சு, அண்ணே, அந்த மேலிடம் நான்தான், பட்டியல் காலி, உடனே சரி பண்ணணும்னு சொல்லியிருக்கணும். சாயங்காலம் சொல்லிக்கலாம்னு இருந்தேன். சாயங்காலத்துக்குள்ள இன்னும் ஏழு வந்துடுச்சு.

இல்ல சார், கண்ணை மூடிக்கிட்டு பச்சையை அமுக்கினேன்னு நினைக்காதீங்க. அது பாவம். ஒவ்வொண்ணா போய்ப் பார்த்துட்டு வந்துதான் அமுக்குவேன். விளக்கு எரியலைன்னா சாக்கு சொல்லிக்கிட்டு அந்த அறைக்குப் போவேன். நாற்காலி உடைஞ்சுதுன்னா நானே அதுல உட்கார்ந்து பார்ப்பேன். ரெண்டு தடவை விழுந்திருக்கேன். பெரிய அதிகாரிங்களுக்கு இந்த வசதி கிடையாது பாருங்க. அவங்க வந்தா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாங்க, எது உடைஞ்சிருக்குன்னு தெரியவே தெரியாது. நான் போனா யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாங்க. பேசிக்கிட்டிருக்கிறதை நிறுத்தவும் மாட்டாங்க.

மறுப்பும் உண்டு. ஏன் இல்ல? நம்ம டிரைவர் இருக்காரே, அவருக்கு அரை நாள் லீவு வேணும்னா பல்லு பிடுங்கணும்னு எழுதுவாரு. நான் பழசையெல்லாம் எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். ரெண்டு வருஷத்துல பத்தொன்பது பல்லு. சிவப்பை அமுக்கினேன். காரணம்னு ஒரு பெட்டி இருக்கில்ல, அதுல எழுதினேன், வாயில் மீதமுள்ள பற்களின் எண்ணிக்கையைத் தெரிவிக்கவும்னு. அன்னிக்கு முழுக்க மனுஷன் வாயையே திறக்கல. சாயங்காலம் எங்கிட்ட வந்து, மேலிடத்துக்குக் கண்ணு எல்லா இடத்துலயும் இருக்குய்யான்னு உதட்டை மூடிக்கிட்டே சொன்னார். அதுக்கப்புறம் அவருக்கு ஒரு பல்லும் வலிக்கல. வைத்தியத்துலயும் மேலிடம் தேவலைன்னு ஆயிடுச்சு.

தப்பும் நடந்திருக்கு. மறைக்கல. பில் பிரிவுல ரெண்டு அம்மாக்கள், ஒரே மேசை, ஆறு வருஷமா பேச்சு வார்த்தை கிடையாது. நடுவுல ஃபைல் அடுக்கி மதில் கட்டியிருப்பாங்க. ஒருத்தரை ஒருத்தர் கேக்காம ஒரே நாள்ல விண்ணப்பம் போட்டாங்க, என் இடத்தை மாத்திக் குடுங்கன்னு. எனக்கு நல்ல மனசு. ரெண்டுக்கும் பச்சை. எந்த இடம்னு கேட்டிருந்த கட்டத்தை நான் பார்க்கல. ரெண்டு பேரும் ஜன்னலோரம்னு எழுதியிருக்காங்க. மறுநாள் காலைல ரெண்டு பேரும் அவங்கவங்க நாற்காலியைத் தூக்கிக்கிட்டு அதே ஜன்னல்ல வந்து நிக்கறாங்க. ரெண்டு பேர் ஃபோன்லயும் மேலிடத்து உத்தரவு. யாரு விட்டுக்குடுப்பா? முட்டியும் முட்டியும் இடிக்க உட்கார்ந்தாங்க. ஃபைல் அடுக்கவும் இடமில்ல. மூணாம் நாள் ஒரு அம்மா சொன்னாங்க, இந்த மேலிடத்துக்குக் கொஞ்சமாச்சும் மூளை இருக்கா பாருன்னு. இன்னொரு அம்மா, இருந்தா இப்படிப் பண்ணுமான்னாங்க. அதுதான் ஆறு வருஷத்துல முதல் பேச்சு. இப்ப ஒரே டப்பாவுல சாப்பிடறாங்க. மேலிடம் ரொம்ப யோசிச்சுத்தான் அப்படிப் பண்ணியிருக்குன்னு இப்ப ஆபீஸே சொல்லுது. நான் மறுக்கல.

யாரு மேலிடம்னு பந்தயமே கட்டினாங்க சார். ஓய்வு பெற்ற நீதிபதின்னு ஒரு கட்சி. பொம்பளைதான், இல்லேன்னா இவ்வளவு விவரமா இருக்காதுன்னு ஒரு கட்சி. என்னைக் கேட்டாங்க. எனக்கென்னப்பா தெரியும், நான் தபாலுக்கு நம்பர் போடறவன்னேன். அதுவும் உண்மைதானே.

நீங்க எதுக்கு வந்தீங்கன்னு எனக்குத் தெரியும். எல்லாக் கிளையிலயும் ஒரு விண்ணப்பம் முடிய ஒன்பது நாள் ஆகுது, இங்க நாப்பது நிமிஷம். யாரு அந்த மகராசன், அவரைக் கூட்டிக்கிட்டுப் போய் மத்த கிளைக்கெல்லாம் வகுப்பு எடுக்கச் சொல்லலாம்னு விலாசத்தைத் திறந்திருக்கீங்க. திறந்தா அனுப்புகை கிளார்க். உங்க முகம் எப்படி ஆகியிருக்கும்னு நினைச்சுப் பார்த்து நேத்து ராத்திரி தனியா சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு நின்னுடுச்சு.

சரி. சிவப்புக்கு வரேன். நூத்திப் பதினெட்டு நாள்னு காட்டுது இல்லையா? ஆமா. நாப்பது நிமிஷத்துக்கு மேல எதையும் வெச்சுக்காதவன் இதை மட்டும் ஏன் வெச்சிருக்கான்னுதானே கேக்கறீங்க.

பேரைப் படிங்க சார். கேட்டவர் யாருன்னு போட்டிருக்கு?

ம். நான்தான்.

என் சம்சாரம் நர்ஸா இருந்து ரெண்டு வருஷம் முன்னாடி ஓய்வு வாங்கினா. வாங்கின அன்னிக்கே ரெண்டு ஜோடி ஷூ வாங்கிட்டு வந்தா. காலைல நடக்கப் போறதுக்கு. அவளுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நீங்களும் விருப்ப ஓய்வு எழுதிக் குடுங்க, இன்னும் மூணு வருஷம் முத்திரை குத்தி என்ன ஆகப்போகுது, சேர்ந்து நடக்கலாம், ஊரு உலகம் பார்க்கலாம்னா. சரி சரின்னு தள்ளிக்கிட்டே வந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை என் ஃபோனை வாங்கி அவளே படிவத்தை நிரப்பிட்டா. காரணம்னு இருந்த பெட்டியில, மனைவி காத்திருக்கிறாள்னு எழுதினா. என் விரலைப் பிடிச்சு அனுப்புங்கற பட்டனை அமுக்க வெச்சா. தலைமை ஆபீஸுக்குப் போகும்னு நினைச்சேன். மறுநாள் காலைல வந்து கம்ப்யூட்டரைத் திறந்தா முதல் மெயில் அதுதான். உங்கள் முடிவுக்காகக் காத்திருக்கிறது.

முதல்ல சிரிச்சேன். எனக்கும் மேலதிகாரி பெட்டி காலி. காலின்னா ரெண்டு கேள்விக்குறிக்குப் பின்னால இருக்கிற ஆளு. அது நான். கேக்கறவனும் குடுக்கறவனும் ஒரே ஆளா இருந்தா என்ன பண்றதுன்னு அந்த அம்மாவும் யோசிக்கல, நானும் யோசிக்கல. அப்படி ஒரு கிறுக்கன் இருப்பான்னு யாரு சார் யோசிப்பா?

பச்சையில விரலை வெச்சேன். அமுங்கல. பட்டன் நல்லாத்தான் இருக்கு, விரல்தான் அமுங்கல. நாளைக்குப் பார்க்கலாம்னு மூடிட்டேன்.

அந்த சாஃப்ட்வேருக்கு இரக்கம்னு ஒண்ணு கிடையாது சார். ஒவ்வொரு திங்கக்கிழமையும் ரெண்டு மெயில் அனுப்பும். ரெண்டும் எனக்கே. ஒண்ணு மேலிடத்துக்கு, இன்னும் எத்தனை நாள் ஐயா, ஒரு பணியாளர் காத்திருக்கிறார்னு. இன்னொண்ணு பணியாளருக்கு, தங்கள் விண்ணப்பம் மேலிடத்தின் பரிசீலனையில் உள்ளது, பொறுமை காக்கவும்னு. ஒண்ணு திட்டும், ஒண்ணு தட்டிக்குடுக்கும். ரெண்டையும் படிச்சுட்டு நான் டீ குடிக்கப் போயிடுவேன்.

வீட்டுல தினம் கேப்பா, என்னாச்சுன்னு. மேலிடத்துல கிடக்குன்னு சொல்வேன். பொய் இல்லையே சார்? ஒரு எழுத்து பொய் கிடையாது. அவ்வளவுதான், ஆரம்பிச்சுடுவா. எவன் அந்த மேலிடம், ஒரு பட்டனை அமுக்க அவன் கைக்கு என்ன கேடு, அவனுக்குப் பொண்டாட்டி இல்லையா, வீடு வாசல் இல்லையாம்பா. நான் சும்மா இருந்தா சந்தேகம் வருமில்லையா? அதனால நானும் கூடச் சேர்ந்துக்குவேன். கல்நெஞ்சக்காரன், உருப்படவே மாட்டான்னு. ஒரு நாள் கொஞ்சம் அதிகமாவே திட்டிட்டேன்போல, போதும் விடுங்க, அவனுக்கும் ஏதாவது கஷ்டம் இருக்கும்னு அவளே சமாதானம் சொல்றா.

இதுல ஒண்ணு கேளுங்க. ஒரு ராத்திரி, அவன் இடுப்பு பிடிச்சுக்கட்டும்னு வாயாரச் சொன்னா. மறுநாள் சோதனை அறைப் பொண்ணுகிட்டேர்ந்து விண்ணப்பம். எடைக்கல்லு ஒவ்வொண்ணும் இருபது கிலோ, ஒரு நாளைக்கு அறுபது தடவை தூக்கறேன், தள்ளுவண்டி வேணும்னு. நான்தான் பார்க்காம அமுக்க மாட்டேனே. போய் ஒரு கல்லைத் தூக்கிப் பார்த்தேன். தூக்கினது தூக்கினதுதான், நிமிர முடியல. குனிஞ்சபடியே வந்து தள்ளுவண்டிக்குப் பச்சையை அமுக்கினேன். வீட்டுல படுக்க வெச்சு அவதான் தைலம் தேய்ச்சா. தேய்ச்சுக்கிட்டே, இந்த வயசுல உங்களைக் கல்லு தூக்க வெச்சிருக்கானே அந்தப் படுபாவின்னு மறுபடி ஆரம்பிச்சா. சார், அவ வாய்க்கு அப்படி ஒரு சக்தி. நான் குப்புறப் படுத்துக்கிட்டு, இன்னிக்கு இதோட நிறுத்திக்கம்மான்னு மட்டும் சொன்னேன்.

ஏன் அமுக்கலைன்னு நீங்க கேக்கல. கேட்டுடுவீங்கன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்.

தெரியல சார். அவ மேல எனக்கு ஒரு குறையும் இல்ல. நல்லவ. அவ ஷூ தேய்ஞ்சு அடி வழவழன்னு ஆயிடுச்சு, என்னுது இன்னும் பெட்டியில காகிதம் சுத்தியே இருக்கு. தினம் காலைல தனியா போய்ட்டு வந்து, இன்னிக்கு எந்தத் தெரு வரைக்கும் போனேன்னு சொல்லுவா. கேக்கும்போது போகணும்போலதான் இருக்கும். இங்க வந்து கம்ப்யூட்டரைத் திறந்தா பதினைஞ்சு பேரு காத்திருக்காங்க. மெஷின் ஷாப்புல ஒருத்தன், பொண்டாட்டிக்கு ஏழாம் மாசம், ராத்திரி ஷிஃப்ட் வேணாம்கறான். யாரோ ஒரு பொண்ணு, கால் ஒண்ணு குட்டை, உயரமான ஸ்டூல் வேணும்கறா. எங்கிட்ட கேக்கறாங்க சார். ஐம்பத்தேழு வயசுலதான் என்னை ஒருத்தர் கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. இதை அவகிட்ட எப்படிச் சொல்றது? நாலு மாசம் உங்க கையிலதான் இருந்துச்சா, அப்ப வீட்டுக்கு வர உங்களுக்குத்தான் இஷ்டமில்லையான்னு ஒரே ஒரு கேள்வி கேப்பா. அதுக்குப் பதில் எந்தப் பெட்டியில இருக்கு?

மாத்திடறீங்களா? மாத்துங்க. உங்க வேலை அது. ரெண்டு கேள்விக்குறிக்குப் பின்னால உங்க பெரியவர் மெயிலைப் போடுங்க. ஜன்னல், நாற்காலி, பல்லு எல்லாம் இனிமே அவர் பாடு. ஒண்ணு மட்டும் அவர்கிட்டச் சொல்லுங்க, ஸ்டூல் கேட்ட பொண்ணோடது இன்னிக்குக் காலைலதான் வந்துச்சு, அதை நானே அமுக்கிட்டேன்னு. ஆனா இந்த சிவப்பு அவருக்குப் போகாது சார். உங்களுக்குத் தெரியாததா? அது ஓடின அன்னிக்கே பெட்டியில இருந்த பேரு விழுந்தாச்சு. தபால் பெட்டியில போட்ட கடுதாசிக்கு, அப்புறமா ரிஜிஸ்டர்ல விலாசத்தை அடிச்சுத் திருத்தி என்ன பிரயோஜனம்? இதை அமுக்கறதுன்னா நான்தான் அமுக்கணும். வேற வழியே கிடையாது. நேத்து முழுக்க உட்கார்ந்து தேடிட்டேன்.

மணி என்ன? நாலாகப் பத்து நிமிஷமா? இன்னொரு டீ சொல்லட்டுமா?

வேணாமா. சரி.

இன்னொரு சின்ன விஷயம் இருக்கு, சொல்லணும். காலைல அவ கேட்டா, இன்னிக்காவது அந்த ஆளு சீட்டுல இருப்பானான்னு. நீங்க வர்றீங்கன்னு மெயில் வந்து கையில இருக்கு. வாய் தவறிப் போச்சுன்னு சொன்னா அது பொய். யோசிச்சுத்தான் சொன்னேன். தலைமை ஆபீஸ்லேர்ந்து மேலிடமே நேர்ல வருது, நாலு மணிக்கு வான்னு சொல்லிட்டேன்.

எந்திரிக்காதீங்க சார், எந்திரிக்காதீங்க. அவ கையெல்லாம் ஓங்க மாட்டா. முப்பது வருஷம் நர்ஸு, குரல் கொஞ்சம் உசரம், அவ்வளவுதான். நீங்க ஒரு பொய்யும் சொல்ல வேணாம். நான்தான் மேலிடம்னு உங்க வாயால சொல்ல வேணாம், அதை நான் பார்த்துக்கறேன். ரெண்டு நிமிஷம் திட்டுவா, வாங்கிக்கங்க. அதுல பாதி நியாயமாத்தான் இருக்கும். அப்புறம் கேப்பா, எங்க வீட்டுக்காரரை விடறீங்களா இல்லையான்னு. விடறேன்னு சொல்லுங்க. ஒரே வார்த்தை. இதோ, ஸ்கிரீனைத் திறந்து வெச்சிருக்கேன், அம்புக்குறி பச்சை மேலதான் நிக்குது. நீங்க சொன்ன நிமிஷம் அமுக்கிடுவேன். ஆயிரத்து நூத்திப் பன்னெண்டை யாரையும் கேக்காம முடிச்சவன்தான் சார். இது ஒண்ணுக்கு மட்டும் மேலேர்ந்து யாராவது சொன்னாத்தான் கை வரும்போல இருக்கு. பழக்க தோஷம்.

படியில அவதான். மூச்சு வாங்குது பாருங்க, வேகமா ஏறிட்டா. கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க சார்.

வா, உள்ள வா. இவருதான்.